தை மாதத் தீயும் பங்குனித் தீயும்

ஒவ்வொரு கோடையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்காவது தீப்பிடித்துவிட்டால், அடுத்த நாளே ஒரே கருத்து மூன்று வாய்களிலிருந்து வருகிறது. வனத்துறை அதைச் சமூக விரோதிகளின் வேலை என்கிறது. நகரத்துச் சூழல் ஆர்வலர்கள் மனித ஊடுருவல் என்கிறார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் மாடு மேய்ப்பவர்கள் மீதும் மலைவாழ் மக்கள் மீதும் விரல் நீள்கிறது. சொற்கள் வேறானாலும் மூவரும் போய்ச் சேரும் முடிவு ஒன்றுதான்: காட்டில் தீ என்பதே இருக்கக் கூடாது, மனிதர்களை வெளியேற்றி, தண்டனையைக் கடுமையாக்கினால் காடு பிழைத்துக்கொள்ளும்.

இந்த முடிவு தவறு. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதால் இதை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் 1882-இல் சென்னை மாகாணத்துக்கு வனச்சட்டம் வந்த நாளிலிருந்து நாம் கடைப்பிடித்து வருவது இந்தக் கொள்கையைத்தான். 140 ஆண்டுகளுக்கு மேலாகக் காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம். இருந்தும் காடு எரிகிறது. முன்பைவிடக் கடுமையாக எரிகிறது. இத்தனை காலம் தோற்ற ஒரு கொள்கைக்கு இன்னும் கொஞ்சம் கடுமை சேர்த்தால் வென்றுவிடும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

முதலில் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியக் காட்டுத்தீக்களில் மிகப் பெரும்பாலானவை மனிதர்களால் மூள்பவை. இது உண்மை, மறுக்கவில்லை. இங்கே கோடையில் இடியும் மின்னலும் வரும்போது பெரும்பாலும் மழையும் கூடவே வந்துவிடுகிறது. ஆகவே பொறி மனிதனிடமிருந்துதான் வருகிறது. அணைக்காத பீடியாக இருக்கலாம், தோட்டத்தில் குப்பைக்கு வைத்த நெருப்பாக இருக்கலாம், உதிர்ந்த மான்கொம்பு தேடுபவர் பார்வை மறைக்கும் புல்லைக் கொளுத்தியதாக இருக்கலாம். ஆனால் பொறி யாருடையது என்ற விசாரணை, அந்தப் பொறி ஏன் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பரவியது என்ற கேள்விக்குப் பதிலாகாது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் தீ அப்படித்தான் பரவியது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து தண்ணீர் கொட்ட வேண்டியிருந்தது. பீடி எல்லா ஆண்டும் விழுகிறது. சில ஆண்டுகளில்தான் மலை முழுவதும் போகிறது. வித்தியாசம் தரையில் கிடக்கும் எரிபொருளில் இருக்கிறது. சருகு எவ்வளவு, புல் எவ்வளவு உயரம், புதர் எவ்வளவு அடர்த்தி என்பதைப் பொறுத்தது அது. அந்த எரிபொருளை யார், எப்போது, எப்படிக் குறைப்பது என்பதுதான் பேச வேண்டிய அரசியல். அதை நாம் பேசுவதே இல்லை.

எந்தக் காட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் தெளிவாக்கிவிடுகிறேன். நீலகிரி உச்சியின் சோலைக்காட்டிலும் ஆனைமலையின் மழைக்காட்டிலும் தீக்கு இடமே இல்லை. அந்த மரங்களின் பட்டை மெல்லியது. ஒருமுறை எரிந்தால் மீள்வது அரிது. அங்கே முழுத்தடை சரியே. ஆனால் முதுமலையின் கிழக்குப் பகுதி, சத்தியமங்கலம், பந்திப்பூர், பிலிகிரிரங்கன் (பி.ஆர்.) மலையின் பெரும்பகுதி ஆகியவை வறண்ட இலையுதிர் காடுகள். மழைக்குப் பின் மரத்தடியில் புல் ஆளுயரத்துக்கு வளரும். தை பிறந்ததும் இலை உதிரத் தொடங்கும். பங்குனியில் கணுக்கால் புதையச் சருகு கிடக்கும். வேங்கை, கருமருது, வெக்காலி, நெல்லி, கடுக்காய் போன்ற அங்குள்ள மரங்களுக்குத் தடித்த பட்டை உண்டு. மேலே கருகினாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்ப்பவை பல. தீயோடு வாழ்ந்து பழகிய மரங்கள் இவை. மரங்களுக்கிடையே புல் மண்டும் இந்த நிலத்தைக் காடு என்பதைவிடச் சவன்னா என்றே சொல்ல வேண்டும் என ஜெயஸ்ரீ ரத்னம் முதலிய சூழலியலாளர்கள் 2011 முதல் வாதிட்டு வருகிறார்கள். இப்படிப்பட்ட நிலத்தில் எரியுமா எரியாதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை. தையில் எரிய வேண்டுமா, பங்குனியில் எரிய வேண்டுமா என்பதை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும்.

தையில் இரவெல்லாம் பனி இறங்கும். சருகின் அடியில் ஈரம் இருக்கும். அப்போது வைத்த தீ முழங்காலுக்குமேல் எழாமல் தரையோடு தவழும். பொழுது சாய்ந்து பனி விழுந்ததும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். எரிந்த திட்டும் எரியாத திட்டும் மாறிமாறிக் கிடக்கும். பங்குனியில் அதே காட்டில் ஒரு பொறி விழுந்தால் எரியாத திட்டு என்று ஒன்றும் மிஞ்சாது. காற்று, வெயில், முழுக்க உலர்ந்த புல் எல்லாம் சேர்ந்து தீ மரத்தின் தலைவரை ஏறும். முன்னதை நான்கு பேர் பச்சைத் தழையால் அடித்தே அணைத்துவிடலாம். பின்னதன் எதிரில் நாற்பது பேர் நின்றாலும் ஓடத்தான் வேண்டும்.

இது பழங்குடிகளுக்கு மட்டும் தெரிந்த ரகசியமல்ல. ஆங்கிலேய வன அதிகாரிகளே கண்டுகொண்டார்கள். 1860-கள் முதல் தீத்தடுப்பே விஞ்ஞான வனவியலின் அடையாளம் என்று அவர்கள் பறைசாற்றினார்கள். பிறகு பர்மாவின் தேக்குக் காடுகளில் தீயை வெற்றிகரமாக நிறுத்திப் பார்த்தபோது, தேக்குக் கன்றுகள் முளைக்காமல் மூங்கிலும் பிற மரங்களும் மேலேறின. பர்மாவில் தீத்தடுப்பு அளவு கடந்துவிட்டது என்று ஸ்லேட் என்ற அதிகாரி 1896-இலேயே 'இந்தியன் ஃபாரெஸ்டர்' இதழில் எழுதினார். துறைக்குள் பெரிய சண்டை நடந்தது. பின்னர் வங்காள டூவார்ஸின் சால் காடுகளிலும் இதே அனுபவம் ஏற்பட, துறையே தீயைத் திரும்பக் கொண்டுவந்தது. தீ தேவை என்று மரவியாபாரம் செய்த துறை ஒப்புக்கொண்டது. அதே உண்மையைச் சொன்ன மலைக்குடிகளை மட்டும் அது குற்றவாளியாகவே நடத்தியது. இன்றைக்கும் ஒவ்வொரு ஜனவரியிலும் வனத்துறை தீத்தடுப்புக் கோடுகளை வெட்டி, அந்தப் பட்டையில் விழுந்த புல்லையும் சருகையும் தானே எரிக்கிறது. அந்த வேலையில் தீயைக் கையாளும் தினக்கூலிகள் பலர் அதே காட்டின் இருளர்கள், குறும்பர்கள், காட்டுநாயக்கர்கள். அதே கை, அதே தீ, அதே மாதம். கோட்டுக்கு இந்தப் பக்கம் கூலி, அந்தப் பக்கம் வழக்கு.

பி.ஆர். மலையில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். இந்த விவாதத்துக்கு அதைவிடத் தெளிவான சாட்சி தென்னிந்தியாவில் இல்லை.

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், சத்தியமங்கலம் காட்டை ஒட்டியே இருக்கிறது அந்த மலை. அங்கே வாழும் சோலிகர்கள் காலங்காலமாக வறண்ட பருவத்தின் தொடக்கத்தில் சருகுக்குத் தீ வைப்பார்கள். தரகு பெங்கி என்பது அவர்கள் பேச்சில் அதன் பெயர். 1974-இல் மலை சரணாலயமானது. சோலிகர்கள் காட்டின் உட்பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டுப் பாதையோரப் போடுகளில், அதாவது குடியிருப்புகளில், அமர்த்தப்பட்டார்கள். இடம்பெயர் சாகுபடி, வேட்டை, தீ மூன்றும் தடைசெய்யப்பட்டன. அதன் பிறகு உண்ணிச்செடி பெருகியது. 1800-களின் தொடக்கத்தில் அழகுச் செடியாகக் கல்கத்தாவுக்கு வந்த அந்த அமெரிக்கப் புதர், காட்டில் முன்பே அங்கங்கே இருந்ததுதான். ஆனால் 1997-இல் ஆய்வுத் திட்டுகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் காணப்பட்ட அது, 2008-க்குள் 80 விழுக்காட்டுக்குப் பரவிவிட்டது. பதினோரே ஆண்டுகளில் இரட்டிப்பு.

இதை அளந்தவர்கள் பரத் சுந்தரம், அங்கிளா ஹிரேமத் என்ற இரு சூழலியலாளர்கள். 2005-இல் அவர்கள் முன்வைத்த கருதுகோள் தீத்தடைக்குச் சாதகமானது. தீ உண்ணியை வளர்க்கிறது, உண்ணி தீயை வளர்க்கிறது, இந்தச் சுழற்சியில் காடு அழிகிறது என்றார்கள். பிறகு சோலிகப் பெரியவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் சொன்னது நேர்மாறாக இருந்தது. ஆண்டுதோறும் வைத்த சிறு தீ உண்ணியின் நாற்றுகளையும் தரையில் விழுந்த விதைகளையும் கொன்றது. தீயை நிறுத்தியதால்தான் அது தலையெடுத்தது. இப்போது அது ஆளை மறைக்கும் புதராகிவிட்டதால், ஒருமுறை பிடித்தால் தீ மரத்தின் மேலேறுகிறது. ஆய்வாளர்கள் இதைப் பாட்டிக்கதை என்று ஒதுக்கவில்லை. தங்கள் கருதுகோளோடு நிறுத்திப் பார்த்து, சோலிகர்களின் விளக்கத்தை 2012-இல் ஆய்விதழிலேயே பதிவுசெய்தார்கள். விஞ்ஞானம் நடந்துகொள்ள வேண்டிய முறை இது. வனக்கொள்கை அப்படி நடந்துகொள்ளவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

நெல்லிக்காயிலும் இதே கதைதான். சோலிகர்கள் அதிகமாகப் பறிப்பதால்தான் நெல்லி மரங்கள் குறைகின்றன என்று சொல்லப்பட்டது. மரத்தைக் கொல்வது புல்லுருவி, முன்பு தரையிலிருந்து எழும் தீயும் புகையும் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தன என்று சோலிகர்கள் சொன்னார்கள். நெல்லி சாவதில் புல்லுருவிக்கு இருக்கும் பங்கை ஆராய்ச்சி உறுதிசெய்தது. 2010-இல் வெளியான அந்த ஆய்வு, வனமேலாண்மையில் பழங்குடி அறிவுக்கு இடம் வேண்டும் என்ற வாதத்துக்கே உதாரணமாயிற்று.

இந்த இடத்தில் முதுமலை ஆய்வை எடுத்து என் முகத்தில் காட்டுவார்கள். காட்டவும் வேண்டும், அது கனமான சான்று. கோதண்டபாணி, காக்ரேன், சுகுமார் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட கணக்கின்படி, 1909 முதல் 1921 வரை முதுமலையில் ஓர் இடம் சராசரியாக 10 ஆண்டுக்கு ஒருமுறை எரிந்தது. 1989 முதல் 2002 வரையிலான காலத்தில் அது 3.3 ஆண்டாகச் சுருங்கிவிட்டது. இவ்வளவு அடிக்கடி எரிந்தால் மரக்கன்று தீக்கு மேலே தலைதூக்க நேரம் கிடைக்காது. பெருமரங்கள் நிற்கும், அடுத்த தலைமுறை இருக்காது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்று பாருங்கள். 1989-க்குப் பிந்தைய அந்தத் தீக்கள் அனுமதியோடு, காலம் பார்த்து, திட்டுத்திட்டாக வைக்கப்பட்டவை அல்ல. முழுத்தடை சட்டத்தில் இருந்த காலத்தில், தடையை மீறித் திருட்டுத்தனமாகவோ கவனக்குறைவாலோ மூண்டு பரவியவை. திருட்டுத்தனமாகத் தீ வைப்பவன் பக்கத்தில் நின்று காவல் காப்பதில்லை. தீக்குச்சியைப் போட்டுவிட்டு ஓடுகிறான். ஒப்பீட்டுக்கு வைத்த 1909–21 பதிவுகளோ, தீத்தடுப்பையே வனத்துறை முதற்கடமையாகக் கொண்டிருந்த காலத்தவை. ஆகவே முதுமலை எண்கள் தீத்தடைக்குச் சான்றாகா. தடை தோற்றதற்கே அவை சான்று.

சிறு தீயிலும் தரையில் கூடுகட்டும் பறவையும் பல்லியும் ஆமையும் சாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. சில சாகும். அதனால்தான் திட்டுத்திட்டாக, சுழற்சிமுறையில் எரிக்க வேண்டும் என்பது. எரியாத திட்டில் அவை ஒதுங்க இடமிருக்கும். பங்குனித் தீ அந்த இடத்தை விடுவதில்லை. இப்போதே உண்ணி அடர்ந்து கிடக்கும் காட்டில் நாளைக்கே தீ வைக்கச் சொல்கிறேனா என்றால், இல்லை. அது பேரழிவாகும். வளர்ந்த உண்ணி எரிந்தாலும் வேரிலிருந்து மறுபடி கிளைக்கும். முதலில் அதை வேரோடு பிடுங்க வேண்டும், புல் திரும்ப வேண்டும், பிறகுதான் சருகுத் தீ. பல ஆண்டு வேலை இது, ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். (கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணித் தண்டுகளால் கட்டிய நிஜ அளவு யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. பிடுங்கிய புதருக்குப் பயனுண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.) அந்தக் கைகளைக் காட்டைவிட்டு வெளியேற்றிக்கொண்டே காட்டை மீட்கப்போகிறோம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மக்கள் வேண்டுமென்றே காட்டைக் கொளுத்தியதுண்டு. அப்படி நடந்தபோது என்ன செய்தோம் என்பதும் வரலாற்றில் இருக்கிறது. 1921-இல் இமயமலையின் குமாவோன் பகுதியில் வனத்துறையின் சிர்பைன் காடுகள் பரவலாகக் கொளுத்தப்பட்டன. மேய்ச்சலையும் விறகையும் பறித்த விதிகளுக்கும், கூலியில்லாக் கட்டாய வேலைக்கும் எதிரான கோபம் அது. ஊருக்குத் தழையும் தீவனமும் தந்த அகன்ற இலைக் காடுகளை அவர்கள் பெரும்பாலும் தொடவில்லை என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எழுதியிருக்கிறார். அந்நிய அரசே குறைதீர்க்கும் குழு அமைத்தது; 1931-இல் வனப் பஞ்சாயத்து விதிகள் வந்து, ஊர்களுக்கு அவற்றின் காடு ஓரளவு திரும்பியது. தன் காடு என்றால் ஊரார் எரிய விடமாட்டார்கள் என்பது அந்த ஆட்சிக்குப் புரிந்திருந்தது.

நமக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கி, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மரணங்களின் கொடுமையைச் சொற்களால் ஆற்ற முடியாது. ஆனால் அதன் பின் நடந்த விவாதம் முழுவதும் யார் அனுமதி கொடுத்தது, யார் அழைத்துப் போனது என்பதைச் சுற்றியே நடந்தது. மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. அந்தச் சரிவில் புல் அவ்வளவு உயரமாக, அவ்வளவு காய்ந்து ஏன் நின்றது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். நான்கு ஆண்டு கழித்து, 2022 மார்ச்சில், அதே தேனியின் மலைமாடுகள் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்கே தடை விதித்தது. சில நாளில் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவுக்குச் சுருக்கியது. அளவுமீறிய மேய்ச்சல் கேடுதான். ஆனால் மாட்டையும் அகற்றி, தீயையும் தடுத்தால் அந்தப் புல்லை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை வைத்துக்கொண்டு தடையைக் கோரியிருக்க வேண்டும்.

புவி வெப்பமாதலால்தான் எல்லாம் என்று இப்போது புதிதாக ஒரு பதில் புறப்பட்டிருக்கிறது. வெப்பம் கூடுவதும் கோடை நீள்வதும் உண்மை. அதனாலேயே தரையிலுள்ள எரிபொருளைக் குறைப்பது முன்பைவிட அவசரமாகிறது. கையைக் கட்டிக்கொண்டிருப்பதற்கு அது காரணமாகாது. பணமும் கவனமும் எங்கே போகின்றன என்று பாருங்கள். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியே தீ இருக்குமிடத்தைக் கண்டு கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறது, நல்ல ஏற்பாடு. 2024 மார்ச்சில் குன்னூர்த் தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் ரேலியா அணையிலிருந்து தண்ணீர் அள்ளிக் கொட்டியது, அதுவும் தேவைதான். இரண்டும் தீப்பிடித்த பிறகு நடப்பவை. 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில் தீயை அணைக்கப் போன மூன்று வனக் காவலர்கள் அதிலேயே மாண்டார்கள். கடைசியில் தீயின் முன் நிற்பது அந்தக் கடைநிலைப் பணியாளர்தான். முன்கூட்டியே சருகைக் குறைக்காததன் விலையை அவர்கள் உடல் கொடுக்கிறது.

அமெரிக்கா இதே பாதையில் நமக்கு முன்னால் போய்த் திரும்பியிருக்கிறது. 1910-இன் பெருந்தீக்குப் பிறகு அந்நாட்டு வனத்துறை எல்லாத் தீயையும் எதிரியாக்கியது. 1935-இல், எந்தத் தீயானாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கியாக வேண்டும் என்று விதி வகுத்தது. பல பத்தாண்டுகள் அதில் வெற்றியும் கண்டது. அந்த வெற்றி சேர்த்துவைத்த விறகுதான் இன்று கலிபோர்னியாவில் வெப்பத்தோடு கைகோத்து எரிகிறது. 1850-இலேயே புல்வெளியில் தீ வைக்கும் பூர்வகுடிகளைத் தண்டிக்கச் சட்டம் போட்ட மாநிலம் அது. 2021-இல் அதே மாநிலம், முறைப்படி தீ வைக்கும் வல்லுநர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது: பெருங்கவனக்குறைவு இல்லாதவரை, தீ கைமீறினாலும் அணைப்புச் செலவை அவர்கள் தலையில் கட்ட முடியாது.

நம் சிக்கலின் முடிச்சும் அங்கேதான் இருக்கிறது. தையில் எரிக்க அனுமதித்த வனச்சரகரின் கையொப்பம் கோப்பில் இருக்கும். தீ கைமீறினால் அவர் வேலை போகும். ஒன்றும் செய்யாமல் இருந்து பங்குனியில் மலையே எரிந்தால், பழி பெயர் தெரியாத சமூக விரோதி மேல் விழும். இந்த ஏற்பாட்டில் எந்த அதிகாரி தீக்குச்சியை எடுப்பார்? அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏற்பாட்டைத்தான் மாற்றச் சொல்கிறேன். சட்டம் குறுக்கே நிற்கிறது என்பார்கள். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 30-ஆம் பிரிவு தடுப்பது, சரணாலயத்துக்கு ஆபத்து விளைவிக்கும் விதத்தில் தீ மூட்டுவதை. சரணாலயத்தைக் காக்க வேண்டிய நடவடிக்கைகளை எடுக்கும் அதிகாரத்தை 33-ஆம் பிரிவு தலைமை வனவுயிர்க் காப்பாளருக்குக் கொடுக்கிறது. வன உரிமைச் சட்டம் 2006-இன் 3(1)(ஐ) பிரிவு, சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும் மேலாண்மை செய்யவும் ஊருக்கே உரிமை தருகிறது, 2011-இல் பி.ஆர். மலையின் 25 சோலிகப் போடுகள் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக உரிமைகளைப் பெற்றன. சட்டத்தில் இடமிருக்கிறது. எந்தக் காட்டில், எந்த வாரத்தில், எவ்வளவு பரப்பில், எந்தக் கிராம சபையின் பொறுப்பில் சருகை எரிக்கலாம், தவறினால் யாருக்கு என்ன பாதுகாப்பு என்று சொல்லும் அரசாணைதான் இல்லை. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் உண்ணி அகற்றப்பட்ட திட்டுகளில் சோதனையாகவே தொடங்கலாம். அளந்து பார்க்க ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், செய்து காட்டப் பெரியவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். அந்த ஆணையைச் சென்னைத் தலைமைச் செயலகம் கார்த்திகைக்குள் வெளியிட்டால்தான் வரும் தைக்கு அது பயன்படும்.